அகஸ்டா நேஷனல்: பழுதில்லாப் புல்லும் பூட்டிய வாயிலும் – ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அகஸ்டா நகரில் உள்ள அகஸ்டா நேஷனல் கோல்ஃப் கிளப் ஒவ்வோர் ஆண்டும் மே மாதக் கடைசியில் தன் மைதானத்தை மூடிவிட்டு அக்டோபரில்தான் திறக்கிறது. திறந்திருக்கும் மாதங்களிலும் அங்கே ஆடக்கூடியவர்கள் ஏறத்தாழ 300 உறுப்பினர்களும் அவர்கள் அழைத்துவரும் விருந்தினர்களும் மட்டுமே. உறுப்பினராக விரும்பி யாரும் விண்ணப்பிக்க முடியாது. அழைப்பு வந்தால் சேரலாம், அவ்வளவுதான். ஏப்ரல் மாதத்தில் மாஸ்டர்ஸ் என்னும் கோல்ஃப் போட்டி நடக்கும் ஒரு வாரத்தில் மட்டும் நுழைவுச்சீட்டு பெற்ற பொதுமக்கள் உள்ளே விடப்படுகிறார்கள். அந்த ஒரு வாரம் தொலைக்காட்சியில் தெரியும் பச்சையைத்தான் உலகெங்கும் உள்ள கோல்ஃப் மைதானங்கள் தங்களுக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டிருக்கின்றன.

அந்தப் புல் அவ்வளவு சீராக இருப்பதற்குத் தோட்டக்கலைத் திறமை ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம், அதன் மேல் யார், எத்தனை பேர், எந்த மாதங்களில் நடக்கலாம் என்பதை ஒரு சிறு குழு யாருக்கும் பதில் சொல்லவேண்டிய கடமையின்றித் தீர்மானிக்க முடிவதுதான் என்பது இந்த ஆய்வின் நிலைப்பாடு. புல்லையும் உறுப்பினர் விதியையும் தனித்தனியாகப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கிளப்பின் வரலாறும் விளங்காது. அதை நகலெடுக்கப் போன மற்ற மைதானங்கள் ஏன் தடுமாறின என்பதும் விளங்காது.

நாற்றுப் பண்ணையாக இருந்த நிலம்

பெல்ஜியத்திலிருந்து வந்த பெர்க்மன்ஸ் குடும்பம் 1857ஆம் ஆண்டு இந்த நிலத்தை வாங்கி, ஃப்ரூட்லேண்ட் என்ற பெயரில் நாற்றுப் பண்ணை நடத்தியது. அசேலியா, கமேலியா, பீச் முதலிய செடிகளும் மரங்களும் இங்கிருந்து அமெரிக்கத் தெற்கு முழுவதும் சென்றன. வாயிலிலிருந்து கிளப் கட்டடம் வரை பாதையின் இருபுறமும் நிற்கும் மக்னோலியா மரங்கள் அந்தக் காலத்தில் நடப்பட்டவை. மைதானத்தின் 18 குழிகளுக்கும் இன்று செடி, மரங்களின் பெயர்களே வழங்குகின்றன: பதின்மூன்றாவது குழி அசேலியா, பத்தாவது கமேலியா, பதினெட்டாவது ஹாலி.

1930இல் ஒரே பருவத்தில் அன்றைய நான்கு பெரும் போட்டிகளையும் வென்று, 28 வயதிலேயே ஓய்வுபெற்ற பாபி ஜோன்ஸ், நிதித்துறையில் இருந்த கிளிஃபோர்ட் ராபர்ட்ஸுடன் சேர்ந்து 1931இல் இந்த 365 ஏக்கரை வாங்கினார். பெருமந்தம் உச்சத்தில் இருந்த நேரம் அது. அவர்கள் எதிர்பார்த்தது 1,800 உறுப்பினர்களை. நுழைவுக் கட்டணமாகக் கேட்டது வெறும் 350 டாலர். பெண்களுக்கென்று இரண்டாவது மைதானம், சுற்றிலும் வீட்டுமனைகள் எல்லாம் திட்டத்தில் இருந்தன. 1934இல் முதல் போட்டி நடந்தபோது சேர்ந்திருந்தவர்கள் 76 பேர்தான். மைதானத்தை வடிவமைத்த ஸ்காட்லாந்து வம்சாவளியினரான அலிஸ்டர் மெக்கன்சிக்குப் பேசிய ஊதியத்தை முழுதாகக் கொடுக்கக்கூடப் பணமில்லை. முதல் போட்டியைப் பார்க்காமலேயே அவர் அந்த ஆண்டு ஜனவரியில் இறந்துபோனார். இன்று உலகத்திலேயே நுழைவதற்கு அரிதான கிளப் என்று பேசப்படும் இடம், தொடக்கத்தில் ஆள் தேடி அலைந்தது என்பதை அதன் புகழ் பாடுபவர்கள் அதிகம் நினைவுகூர்வதில்லை. நெரிசலற்ற மைதானம், சுற்றிலும் வீடுகள் இல்லாத அமைதி என்று இப்போது வியக்கப்படுகிறவற்றில் பாதி, பணம் திரளாமல் கைவிடப்பட்ட திட்டங்களின் மிச்சமே.

மெக்கன்சியும் ஜோன்ஸும் விரும்பிய மைதானம் வேறு வகையானது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் மைதானத்தை மனத்தில் வைத்து, அகலமான ஃபேர்வேக்களும் (ஆட்டம் தொடங்கும் இடத்துக்கும் கிரீனுக்கும் இடையே நீளும் புல்வெளி) ஏற்ற இறக்கமான கிரீன்களும் (குழியைச் சுற்றி மிகக் குட்டையாக வெட்டிய புல்தரை) மொத்தம் 22 மணற்குழிகளும் மட்டுமே கொண்ட, ஓரங்களில் உயரமாக வளரவிடும் ராஃப் புல்லே இல்லாத, செலவு குறைந்த மைதானத்தை அவர்கள் அமைத்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது 1943 முதல் 1945 வரை போட்டி நிறுத்தப்பட்டு, புல்லைக் கட்டுப்படுத்த மாடுகள் மேயவிடப்பட்டன, வான்கோழிகளும் வளர்க்கப்பட்டன. மாடுகள் அசேலியாவையும் சேர்த்துத் தின்றுவிட்டதால் அந்த ஏற்பாட்டில் நட்டமே மிஞ்சியது. பிறகு மைதானத்தைச் சீரமைக்க அருகிலிருந்த ராணுவ முகாமின் ஜெர்மானியப் போர்க்கைதிகள் அழைத்துவரப்பட்டார்கள். பழுதில்லாத பச்சை என்பது பிறப்பிலேயே வந்த குணமன்று. அது பின்னால் பணத்தோடும் தொலைக்காட்சியோடும் வந்து சேர்ந்தது.

பச்சை உண்டாகும் விதம்

ஜார்ஜியாவின் வெப்பத்துக்கு ஏற்ற புல் பெர்முடா. கோடையில் செழித்துப் படரும் அது குளிர்காலத்தில் உறங்கிப் பழுப்பாகிவிடும். ஏப்ரல் தொடக்கத்தில்தான் மெல்ல விழிக்கத் தொடங்கும். போட்டி நடப்பதோ அதே ஏப்ரல் தொடக்கத்தில். எனவே இலையுதிர் காலத்தில் பெர்முடாவின் மேல் குளிரைத் தாங்கும் ரை புல் விதைக்கப்படுகிறது. ஏப்ரலில் நாம் பார்க்கும் பச்சை அந்த ரை புல்லின் பச்சை. மே மாதம் வெயில் ஏறியதும் அது வாடி மடிய, கீழே காத்திருக்கும் பெர்முடா ஒளி தேடி எழ வேண்டும். இந்த இரண்டு மாற்றங்களும் காலடி படாமல் நடக்க வேண்டுமானால் மைதானம் மூடியிருக்க வேண்டும். கிளப்பின் நாட்காட்டி, புல்லின் நாட்காட்டிக்குக் கீழ்ப்பட்டது. கட்டணம் வாங்கி ஆடவிடும் மைதானம் ஒன்று கோடை முழுவதும் கதவைச் சாத்தினால் அதன் கணக்குப் புத்தகம் என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

கிரீன்களின் கதை இன்னும் கடினமானது. 1980இல் பெர்முடாவை அகற்றிவிட்டு அங்கே பென்ட் புல் இடப்பட்டது. மிகக் குறைவாக வெட்டினாலும் தாங்கி, பந்தைக் கண்ணாடிமேல் ஓடுவதுபோல் ஓடவிடும் புல் அது. ஆனால் குளிர்நாட்டுப் புல். தெற்கின் வெப்பமும் ஈரமும் அதன் வேரை அழுகச் செய்யும். 1990களில் மைதானப் பராமரிப்பின் பொறுப்பில் இருந்த மார்ஷ் பென்சன், கிரீனுக்கு அடியில் உள்ள வடிகால் குழாய்களோடு காற்று ஊதி, உறிஞ்சும் இயந்திரத்தை இணைத்து, மண்ணின் ஈரத்தை வேண்டிய அளவுக்கு வெளியே இழுக்கவும் வேருக்குக் காற்று செலுத்தவும் வழிகண்டார். சப்ஏர் என்ற பெயரில் அந்த அமைப்பு பின்னர் வேறு மைதானங்களுக்கும் விற்கப்பட்டது. பெருமழை பெய்த மறுநாளும் அகஸ்டாவின் கிரீன்கள் கெட்டியாக இருப்பதன் காரணம் மண்ணுக்குள் ஓடும் இந்த இயந்திரமே.

மணற்குழிகளில் உள்ள வெண்மணலும் அந்த மண்ணுக்கு உரியதன்று. வட கரோலினாவின் ஸ்ப்ரூஸ் பைன் பகுதியில் ஃபெல்ட்ஸ்பார் கனிமம் வெட்டியெடுக்கும்போது கழிவாகப் பிரியும் குவார்ட்ஸ் மணல் அது. அந்தப் பகுதியின் தூய குவார்ட்ஸ்தான் கணினிச் சில்லுகள் செய்யும் தொழிலுக்கும் போகிறது. ஃபேர்வே புல்லையோ, வெட்டும் இயந்திரங்கள் வரிசையாக அணிவகுத்து, கிரீனிலிருந்து ஆட்டம் தொடங்கும் இடம் நோக்கி ஒரே திசையில் வெட்டுகின்றன. மற்ற மைதானங்களில் காணும் மாறிமாறி வரும் பட்டைகள் இங்கே தெரியாமல் ஒரே விரிப்பாகக் காட்சியளிப்பதும், எதிர்ப்புறம் சாய்ந்த புல்லில் பந்து அதிகம் உருளாமல் நின்றுவிடுவதும் இதனால்தான்.

2024 செப்டம்பரில் ஹெலீன் சூறாவளி அகஸ்டா நகரைத் தாக்கியபோது மைதானத்தில் மரங்கள் பல சாய்ந்தன. நகரத்தின் தெருக்களில் முறிந்த மரங்கள் மாதக்கணக்கில் கிடந்தன. 2025 ஏப்ரலில் ரோரி மெக்கல்ராய் வென்ற போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு, அங்கே ஒரு புயல் அடித்ததற்கான தடயம் பெரிதாகக் கண்ணில் பட்டிருக்காது. பராமரிப்புக்கு ஆகும் செலவைக் கிளப் வெளியிடுவதில்லை. வேலை எவ்வளவு நடந்தது என்பது தெரியாமல் விளைவு மட்டும் தெரிய வேண்டும் என்பதே அங்குள்ள நடைமுறை.

சொல்லுக்கும் கத்தரிப்பு

புல்லுக்குப் பொருந்தும் அதே ஒழுங்கு பேச்சுக்கும் பொருந்தியது. சிபிஎஸ் தொலைக்காட்சி 1956 முதல் மாஸ்டர்ஸை ஒளிபரப்பி வருகிறது. ஆனால் ஒப்பந்தம் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் போடப்படும். அதிக விலைக்கு நீண்டகால உரிமையை விற்காமல், குறைந்த பணத்துக்கு ஓராண்டு உரிமை கொடுத்து, மணிக்கு நான்கு நிமிடங்களுக்கு மேல் விளம்பரம் கூடாது என்பதுபோன்ற நிபந்தனைகளைக் கிளப் விதித்தது. 1966இல் ஜாக் விட்டேக்கர் என்ற வர்ணனையாளர், கிரீனை நோக்கி ஓடிய கூட்டத்தைக் கட்டுக்கடங்காத கும்பல் என்ற பொருள்படக் குறிப்பிட்டார். அடுத்த சில ஆண்டுகள் அவர் அங்கே வர்ணனை செய்யவில்லை. 1994இல் கேரி மெக்கார்ட், கிரீன்கள் அவ்வளவு வழுக்குவதைப் பெண்கள் உடலில் மெழுகிட்டு ரோமம் நீக்குவதோடு ஒப்பிட்டுக் கேலி செய்தார். அதன்பின் அவர் மாஸ்டர்ஸ் ஒளிபரப்புக்கு அழைக்கப்படவேயில்லை. பார்வையாளர்களைப் 'பேட்ரன்' (புரவலர்) என்றுதான் அழைக்க வேண்டும். மைதானத்தில் ஓடக் கூடாது. போட்டி நாட்களில் கைப்பேசி கொண்டுவரக் கூடாது.

இதில் ஒரு நியாயமும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. விளம்பரம் குறைந்த ஒளிபரப்பும், கைப்பேசியற்ற கூட்டமும், ஒன்றரை டாலருக்குக் கிடைக்கும் பிமென்டோ சீஸ் சாண்ட்விச்சும், எதையும் கடைசிக் காசு வரை விற்றுத் தீர்க்கும் இன்றைய விளையாட்டுத் துறையில் அபூர்வமானவை. ஆனால் அந்த சாண்ட்விச் சுற்றப்படும் உறையின் நிறம்கூடப் பச்சை. தரையில் விழுந்தால் கேமராவின் கண்ணுக்குத் தெரியாது.

வெள்ளுடையும் பச்சைக் கோட்டும்

பல பத்தாண்டுகள் இந்தக் கிளப்பின் உறுப்பினர்கள் அனைவரும் வெள்ளையர்கள். கேடிகள், அதாவது ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து ஆலோசனையும் சொல்லும் உதவியாளர்கள், அனைவரும் கறுப்பினத்தவர்கள். உறுப்பினர்கள் 1937 முதல் பச்சைக் கோட்டு அணிந்தார்கள். 1949 முதல் போட்டியில் வென்றவருக்கும் அது அணிவிக்கப்பட்டது. கேடிகள் வெள்ளை முழுநீள உடுப்பு அணிந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அருகிலிருந்த சாண்ட் ஹில்ஸ் என்னும் கறுப்பினக் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள். கிரீன்களின் ஏமாற்றும் சாய்வுகள் பார்வைக்குச் சிக்காதவை. பல ஆண்டுப் பழக்கத்தில் அவற்றை மனப்பாடமாக வைத்திருந்த இவர்களின் சொல்லைக் கேட்டே வந்துபோகும் ஆட்டக்காரர்கள் பந்தைத் தட்டினார்கள். மாஸ்டர்ஸில் ஆடும் எவரும் சொந்தக் கேடியை அழைத்துவர முடியாது, கிளப்பின் கேடியையே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற விதி 1982 வரை இருந்தது.

அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சங்கம் வெள்ளையர் மட்டுமே என்ற விதியை 1961இல்தான் நீக்கியது. கறுப்பின ஆட்டக்காரரான சார்லி சிஃபோர்ட் 1967இலும் 1969இலும் தொழில்முறைச் சுற்று எனப்படும் போட்டித் தொடரில் வென்றும் அகஸ்டாவிலிருந்து அவருக்கு அழைப்பு வரவில்லை. அப்போது வெற்றி ஒன்றே நுழைவுரிமை ஆகாது; அழைப்பது கிளப்பின் விருப்பம். 1972இல் சுற்றுப் போட்டி ஒன்றில் வென்றவருக்குத் தானாகவே இடம் என்ற விதி வந்தது. விதி எழுத்தில் வந்தபின் விருப்பத்துக்கு வேலையில்லை. 1974இல் ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் வென்ற லீ எல்டர், 1975 ஏப்ரலில் மாஸ்டர்ஸில் ஆடிய முதல் கறுப்பின ஆட்டக்காரரானார். கொலை மிரட்டல்கள் வந்தபடியால் அவர் அந்த வாரம் இரண்டு வீடுகளை வாடகைக்கு எடுத்து மாறிமாறித் தங்கினார். இரண்டு நாள் ஆட்டத்தோடு வெளியேறிய அவரை வரவேற்கக் கிளப்பின் கறுப்பினப் பணியாளர்கள் திரண்டு நின்றார்கள்.

1982இல் மழையால் ஆட்டம் தடைப்பட்டு மறுநாள் காலை தொடர வேண்டியிருந்தபோது, கேடிகளில் சிலர் நேரத்துக்கு வந்து சேராததால் ஆட்டக்காரர்கள் கிளப்பிடம் முறையிட்டார்கள். 1983 முதல் ஆட்டக்காரர்கள் சொந்தக் கேடியை அழைத்துவரலாம் என்று ஆனது. வெள்ளுடையில் கறுப்பினத்தவரை மட்டுமே நிறுத்திய பழைய காட்சி அதோடு மறைந்தது. அந்த வாரத்தின் வருமானத்தை நம்பியிருந்த சாண்ட் ஹில்ஸ் குடும்பங்களின் பிழைப்பும் கூடவே போயிற்று. ஆனால் பென் கிரென்ஷா என்ற ஆட்டக்காரர் தன் பழைய அகஸ்டா கேடியான கார்ல் ஜாக்சனை விடாமல் வைத்துக்கொண்டு 1984இலும் 1995இலும் வென்றார்.

கறுப்பின உறுப்பினர் ஒருவர் சேர்க்கப்பட்டது 1990இல். அதற்கும் அகஸ்டாவுக்குள் நடந்த எதுவும் காரணமன்று. அந்த ஆண்டு அலபாமாவின் ஷோல் கிரீக் கிளப்பின் நிறுவனர், கறுப்பினத்தவரைச் சேர்க்கும்படி யாரும் தங்களை நெருக்க முடியாது என்ற கருத்தில் பேசியது செய்தித்தாளில் வெளிவர, அங்கே நடக்கவிருந்த பெரும்போட்டியின் விளம்பரதாரர்கள் பின்வாங்கினார்கள். பாகுபாடு காட்டும் கிளப்புகளில் போட்டி நடத்துவதில்லை என்று தொழில்முறைச் சுற்றை நடத்தும் அமைப்பு அறிவித்தது. அடுத்த சில வாரங்களில் தொலைக்காட்சி நிர்வாகியான ரான் டவுன்செண்ட் அகஸ்டாவில் உறுப்பினரானார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1997இல், 21 வயது டைகர் வுட்ஸ், அடுத்தவரைவிடப் பந்தை 12 முறை குறைவாக அடித்து வென்று பச்சைக் கோட்டு அணிந்தார்.

ஒரு கடிதமும் பத்து ஆண்டுகளும்

2002இல் பெண்கள் அமைப்புகளின் தேசியக் கூட்டமைப்பின் தலைவரான மார்த்தா பர்க், பெண்களை உறுப்பினராக்கும்படி கேட்டுக் கிளப்பின் தலைவர் ஹூட்டி ஜான்சனுக்குத் தனிப்பட்ட முறையில் கடிதம் எழுதினார். அவருக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியதோடு ஜான்சன் நிற்கவில்லை. பகிரங்க அறிக்கை வெளியிட்டு, பெண்களை அழைக்கும் நாள் வரலாம், ஆனால் துப்பாக்கிமுனைக் கத்தியைக் காட்டி யாரும் அதைச் செய்யவைக்க முடியாது என்றார். சில பத்திரிகைகளோடு முடிந்திருக்கக்கூடிய கடிதத்தை நாட்டுச் செய்தியாக்கியது அந்த அறிக்கைதான். அடுத்து அவர் செய்தது இன்னும் கவனிக்கத்தக்கது: விளம்பரதாரர்கள்மீது நெருக்கடி வரும் என்று கணித்து, அவர்களைத் தாமே விலக்கினார். 2003, 2004 ஆகிய இரண்டு ஆண்டுகளும் மாஸ்டர்ஸ் விளம்பரமே இல்லாமல் ஒளிபரப்பானது. வேறெந்த விளையாட்டு அமைப்பாலும் இதைச் செய்திருக்க முடியாது. ஷோல் கிரீக்கை மண்டியிடவைத்த ஆயுதம் இங்கே செல்லவில்லை. 2003இல் பர்க் நடத்திய ஆர்ப்பாட்டத்துக்கு வாயிலிலிருந்து தள்ளியிருந்த ஒரு வெற்றுநிலமே ஒதுக்கப்பட்டது. அங்கே போராட வந்தவர்களைவிடச் செய்தியாளர்கள் அதிகம்.

அந்தப் போராட்டம் தோற்றது என்றே அப்போது எழுதப்பட்டது. ஆயினும் சிபிஎஸ்ஸின் முன்னாள் தலைவர் தாமஸ் வைமன் உறுப்பினர் பதவியைத் துறந்தார். ஜான் ஸ்னோ அமெரிக்க நிதியமைச்சராக முன்மொழியப்பட்டதும் விலகினார். 2012இல் மாஸ்டர்ஸின் விளம்பரதாரர்களில் ஒன்றான ஐபிஎம்மின் தலைமைப் பொறுப்புக்கு முதன்முறையாக ஒரு பெண், ஜின்னி ரொமெட்டி, வந்தபோது, அந்த நிறுவனத்தின் தலைவர்களை உறுப்பினராக்கும் வழக்கமும் ஆண்கள் மட்டும் என்ற வழக்கமும் நேருக்கு நேர் மோதின. அந்த ஆகஸ்டில், மைதானம் மூடியிருந்த கோடையில், முன்னாள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸும் தொழிலதிபர் டார்லா மூரும் உறுப்பினராக்கப்பட்டதைத் தலைவர் பில்லி பெய்ன் அறிவித்தார். மாற்றம் வந்தது, ஆனால் கிளப் தேர்ந்த மாதத்தில், கிளப் தேர்ந்த சொற்களில், கேமராக்கள் இல்லாத நேரத்தில்.

நகலெடுத்தவர்களின் நிலை

1966இல் மாஸ்டர்ஸ் வண்ணத்தில் ஒளிபரப்பாகத் தொடங்கிய பிறகு, அமெரிக்காவின் சாதாரண ஊர்க் கிளப்புகளில் ஏப்ரல் மாதம் மைதானப் பொறுப்பாளர்களுக்குச் சோதனைக் காலமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை வந்து, நம் புல் ஏன் அப்படி இல்லை என்று கேட்கும் உறுப்பினர்களால் உண்டான தொல்லைக்கு அந்தத் தொழிலில் 'அகஸ்டா நோய்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதிக நீர், அதிக உரம், அதிக பூஞ்சைக்கொல்லி, மேலும் குறைவாக வெட்டிய கிரீன் என்று செலவு ஏறியது. ஆண்டு முழுவதும் நூற்றுக்கணக்கானோர் மிதிக்கும் புல்லிடம், கோடை முழுவதும் ஓய்வெடுக்கும் புல்லின் தோற்றத்தை எதிர்பார்ப்பது வீண் என்பதைப் பொறுப்பாளர்கள் அறிவார்கள். நிர்வாகக் குழுக்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் கடினம்.

எதிர்த்திசையில் நடந்த முயற்சிகளில் முக்கியமானது வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானம். 2010, 2011இல் பில் கூரும் பென் கிரென்ஷாவும் அதைப் பழைய உருவுக்கு மீட்டபோது, சுமார் 35 முதல் 40 ஏக்கர் வரையிலான புல்லை நீக்கி மணலும் காட்டுப்புல்லும் தெரியவிட்டார்கள்; 1,150ஆக இருந்த நீர்த்தெளிப்பான்கள் ஏறத்தாழ 450ஆகக் குறைந்தன. 2014 அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டி அங்கே நடந்தபோது பழுப்பேறிய ஃபேர்வேக்களைப் பார்த்துப் பார்வையாளர்கள் பலர் மைதானம் பாழாகிவிட்டது என்று குறைபட்டார்கள். பந்து கெட்டியான தரையில் உருண்டோடிய அந்த ஆட்டம் மெக்கன்சி விரும்பியதற்கு அகஸ்டாவைவிட நெருக்கமானது என்பது என் மதிப்பீடு. அகஸ்டாவில் இரண்டு முறை வென்ற ஒருவரே அதைச் செய்தார் என்பதும் தற்செயலாக இராது.

நகராட்சி மைதானத்தில்

அகஸ்டா நகரத்துக்குச் சொந்தமான பொது கோல்ஃப் மைதானம் ஒன்றும் உண்டு. ஊரார் அதைத் 'தி பேட்ச்' என்பார்கள். கறுப்பினத்தவர் 1964 வரை அங்கும் ஆட முடியாது. அதன் பிறகு நேஷனலின் கேடிகள் பலர் தங்கள் ஆட்டத்தை ஆடிய இடம் அது. நேஷனலில் கேடியாக இருந்து தொழில்முறை ஆட்டக்காரராக உயர்ந்த ஜிம் டென்ட்டின் பெயர் அதன் சாலைக்கு இடப்பட்டிருக்கிறது. அந்த மைதானத்தைப் புதுப்பிக்கும் திட்டத்துக்கு நேஷனல் பொருளுதவி செய்வதாக இப்போதைய தலைவர் ஃப்ரெட் ரிட்லி 2023இல் அறிவித்தார். டாம் ஃபாசியோவும் பியூ வெல்லிங்கும் பெரிய மைதானத்தையும், டைகர் வுட்ஸின் நிறுவனம் ஒன்பது குழிகள் கொண்ட சிறு மைதானத்தையும் வடிவமைக்க, 2026ஐக் குறிவைத்து வேலை தொடங்கியது. அகஸ்டா தொழில்நுட்பக் கல்லூரி அங்கே மைதானப் பராமரிப்பைக் கற்பிக்கும் ஏற்பாடும் திட்டத்தில் உண்டு.

வடிவமைப்பாளர்களின் பெயர்களைப் பற்றியே பேச்சு அதிகம். பார்க்கவேண்டியது வேறு இரண்டு: உள்ளூர்க்காரர் ஒருவர் ஒரு சுற்று ஆடக் கொடுக்கவேண்டிய கட்டணம் எவ்வளவில் நிற்கிறது என்பதும், ஜூலை மாதத்து வெயிலில் நாள் முழுவதும் ஆட்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது ஏற்படும் வழுக்கைத் திட்டுகளைப் பொறுத்துக்கொள்ள நகராட்சியும் நன்கொடையாளரும் தயாராக இருக்கிறார்களா என்பதும்.